உட்கார்ந்து மிதிக்கும் பெடல் எந்திரம்: ஒரு ரிட்டயர்டு கண்டக்டரின் மதிப்பீடு

விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற சின்ன பெடல், மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். பிடித்துக்கொண்ட ஒன்றரைக்குக் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் மதுரை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முன்படிக்கும் பின்படிக்கும் நடுவில் நாள் முழுக்க நடை. ரிட்டயர் ஆனதும் அந்த நடை நின்றது. முழங்கால் தேய்மானம் வந்ததும் தெருவில் இறங்குவதும் குறைந்தது. அப்புறம் தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு, சாப்பாட்டில் ருசி இல்லை, பேரன் சத்தம் போட்டால்கூட எரிச்சல். வயதானவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாகத்தான் வரவேண்டும் என்றில்லை, இப்படி வலியாகவும் சிடுசிடுப்பாகவும் வரும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் உடம்பை அசைக்கவும் சொன்னார். அதன் பிறகு வந்ததுதான் இந்தப் பெடல்.

பொருளைப் பற்றி முதலில். பூட்டுவது சுலபம், நாலு திருகுதான். ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறது. அடியில் ரப்பர் மேட் போட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலி கூடவே கூடாது. நடுவில் இருக்கிற திருகை இறுக்கினால் மிதிக்கக் கனமாகும். ரொம்ப நேரம் மிதித்தால் அந்த இடம் சூடாகிறது, தொடாதீர்கள். சின்னத் திரையில் நேரம், சுற்று, கலோரி எல்லாம் வரும். நேரம் சரியாக இருக்கிறது. கலோரிக் கணக்கை நம்ப வேண்டாம், திருகைத் தளர்த்தி மிதித்தாலும் இறுக்கி மிதித்தாலும் அதே கணக்கைத்தான் காட்டுகிறது. மூச்சு லேசாக வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு இறுக்கிக்கொள்ளச் சொன்னாள் மகள். அவள் பிசியோதெரபி படித்தவள்.

முதலில் டிவி முன்னால்தான் வைத்திருந்தேன். கால் ஓடியது, தூக்கமும் கொஞ்சம் தேறியது. மனசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறது என்று வீட்டம்மா அதை வாசல் திண்ணைக்குத் தள்ளிவிட்டாள். எனக்கு மாற்றம் தெரிந்தது அங்கேதான். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று, "என்ன கண்டக்டரே, வண்டி எந்த ஊருக்குப் போகுது?" என்கிறார்கள். என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் நண்பர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இப்போது தினமும் காலையில் வந்துவிடுகிறார். "மாப்ள, டபுள் விசில் குடு" என்று சொல்லிவிட்டுத்தான் மிதிக்க உட்காருவார். ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி மிதிக்கிறோம்.

லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் 1953-இல் எழுதினார். இதை நண்பரிடம் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன். அது இதயக் கணக்கு. மனசுக்கும் ஒன்று உண்டு, மகள் சொன்னது. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு இருந்த 50 வயது தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாக்கி, 16 வாரம் பார்த்திருக்கிறார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள், கடைசியில் மாத்திரை சாப்பிட்டவர்கள் அளவுக்குத் தேறியிருந்தார்கள். மாத்திரை வேலையைச் சீக்கிரம் தொடங்கியது. ஆனால் அந்தப் பயிற்சி கூட்டமாகச் செய்தது. கால் அசைந்ததால் வந்த குணம் எவ்வளவு, நாலு பேரைப் பார்த்ததால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் திண்ணைக் கணக்கும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தவில்லை.

சரி, ஒன்றரை நட்சத்திரம் ஏன் போனது? அரை நட்சத்திரம் அந்த வழுக்கலுக்கு. மீதி ஒன்று, பெட்டியில் 'முழு உடல் பயிற்சி' என்று அச்சடித்திருப்பதற்கு. 65 வயது தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்க வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் பாதிக்கு இந்தப் பெடல் போதும். இரண்டாவதற்கு உதவாது, உட்கார்ந்தே செய்கிறோமே! அதனால் மிதித்து முடித்ததும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறோம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கிறோம். இதில் டிரைவர் என்னைவிடக் கெட்டி.

நன்றாக நடக்க முடிகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், பக்கத்துப் பார்க்குக்குப் போங்கள். சமீபத்தில் மூட்டு ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மிதியுங்கள். வாங்குவதாக இருந்தால் அடிச்சட்டம் அகலமாக உள்ளதைப் பார்த்து எடுங்கள். பெடல் வார் செருப்பில்லாத காலுக்கும் இறுகுகிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் கடைசி ஓட்டை வரை இழுத்தும் தொளதொளவென்றுதான் இருக்கிறது.