பிட்யூட்டரில குட்டி கட்டி: மாத்திரையா, மூக்கு வழி ஆபரேஷனா?

ஆந்திரா பக்கம் சித்தூர்ல இருக்கோம், தலைக்குள்ள கட்டின்னு ஸ்கேன்ல வந்துட்டா மறுநாளே வேலூர் பஸ்ல ஏறிடுவோம், எங்க அக்காவும் அப்படித்தான் போனா. மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில 6 மில்லிமீட்டர் கட்டி, புரோலாக்டின்ங்கற பால் ஹார்மோன சுரக்குறது. பீரியட்ஸ் நின்னுபோய், குழந்தையே இல்லாம மார்ல பால் கசிவு. எதிர் வீட்டு அண்ணனுக்கும் அதே சுரப்பிலதான், இன்னும் சின்னது, ஆனா அவருக்கு ஆபரேஷன், இவளுக்கு மாத்திரை. 10 மில்லிமீட்டருக்கு கீழ எல்லாமே மைக்ரோஅடினோமாதான், எந்த ஹார்மோன் சுரக்குதுங்கறதுதான் கணக்கு.

புரோலாக்டின்னா காபர்கோலின் மாத்திரை, வாரத்துக்கு ரெண்டு தடவ. ராத்திரி சாப்ட்டு போட்டுட்டு படுத்துடணும், காலைல வெறும் வயித்துல போட்ட அன்னிக்கு அக்கா வாசப்படியிலயே தலை சுத்தி உக்காந்துட்டா. மூணாவது மாசம் பீரியட்ஸ் வந்துடுச்சு. ஆனா குறைஞ்சது ரெண்டு வருஷம் போடணும், நிறுத்தினா பல பேருக்கு திரும்ப ஏறுது. ஆபரேஷன்ல அந்த வருஷக்கணக்கு இல்ல, கைதேர்ந்த சர்ஜன்னா சின்ன கட்டி நல்லாவே சரியாகுது, அதனால இப்பல்லாம் முதல்லயே ரெண்டையும் பேசுறாங்க. இருந்தாலும் நான் மாத்திரை பக்கம்தான். (வாந்திக்கு டோம்பெரிடோன் போடுறீங்களான்னு பாருங்க, அதுவே புரோலாக்டின ஏத்தும்.)

அண்ணனோடது குஷிங், அதாவது கட்டியால உடம்புல கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் அளவுக்கு மீறி ஏறுற நோய். மூஞ்சி பந்து மாதிரி, வயித்துல கத்தரிப்பூ கலர்ல கோடு, சுகர், பிபி. ஒரு டாக்டர் ரெண்டு வருஷமா சாதத்த குறைன்னே சொல்லிட்டு இருந்தார், எனக்கு இன்னும் கோவம். இதுக்கு முதல்ல கட்டிய எடுக்கணும், மாத்திரையெல்லாம் அப்புறம்தான். எம்ஆர்ஐல தெரியலன்னா தொடை வழியா டியூப் விட்டு சுரப்பி பக்கத்து ரத்தத்த எடுத்து பாக்கறாங்க. எடுத்ததும் கார்ட்டிசால் தடால்னு விழும், பல மாசம் அதுக்கு பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்த வெளியிலேருந்து குடுக்கணும். அவர் எழுந்திருக்கவே தெம்பில்லாம கிடந்தத பாத்து ஃபெயில் ஆயிடுச்சுன்னு அண்ணி அழுதாங்க, கார்ட்டிசால் விழுந்ததேதான் கட்டி போனதுக்கு அடையாளம்னு டாக்டர் சொன்னப்புறம்தான் சாப்ட்டாங்க.

மைக்ரோஸ்கோப்பா எண்டோஸ்கோப்பா? ரெண்டுமே மூக்கு வழிதான், மண்டைய திறக்கறதில்ல. மைக்ரோஸ்கோப்ப 1960கள்ல கனடா மான்ட்ரியல்ல இருந்த சர்ஜன் ஜூல் ஹார்டி இதுக்கு கொண்டுவந்தார், நேரா இருக்கறது மட்டும் நல்லா தெரியும், எண்டோஸ்கோப்ல கேமராவே உள்ள போறதால ஓரமும் தெரியும். குட்டி கட்டிக்கு ரிசல்ட்ல பெரிய வித்தியாசம் இல்ல, மிஷின விட கைதான், வருஷத்துக்கு எத்தன பண்றீங்கன்னு வெக்கப்படாம கேளுங்க. அண்ணி தெலுங்குல கேட்டாங்க, டாக்டர் தமிழ்ல பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்தப்புறம் மூக்கு சிந்தக்கூடாது. மூக்குலேருந்து தண்ணி மாதிரி சொட்டினாலோ, ஒண்ணுக்கு குடம் குடமா போனாலோ உடனே கிளம்பிடணும், ஒரு வாரத்துல சோடியம் டெஸ்ட்டும் மறக்காதீங்க.