பழைய ஸ்பீக்கர்களுக்கு டெனான் எக்ஸ்3800எச் பொருந்துமா?

ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும், ரிசீவரை (டிவி, பிளேயரின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) மட்டும் மாற்றலாம் என்று முடிவெடுத்தவர்கள் டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச்-இல் முதலில் பார்ப்பது 105 வாட் என்ற எண்ணைத்தான். அது 8 ஓம் சுமையில், இரண்டு சேனல்கள் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல்) மட்டும் ஓடும்போது அளந்தது. உள்ளே 9 ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தாலும் பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் பொது. ஐந்தாறு சேனல்கள் ஒன்றாக இழுத்தால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். இதே வரிசையின் சிறிய மாடலான எக்ஸ்1800எச் 80 வாட்தான். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சத்தத்தில் சுமார் 1.2 டெசிபல். வாட்டுக்காக மட்டும் பெரியதை வாங்காதீர்கள்.

முதலில் உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 88 டெசிபல் என்று இருந்தால், 1 வாட்டில் 1 மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 9.5 டெசிபல் கழியும் (அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும்). 50 வாட் கொடுத்தால் 17 கூடும். ஆக 95.5 டெசிபல். வால்யூமை ரெஃபரன்ஸ் அளவிலிருந்து (சினிமா தியேட்டருக்கான தர அளவு) 10 டெசிபல் குறைத்து வைத்துப் படம் பார்ப்பவருக்கு ஒரு சேனலின் உச்சம் 95 டெசிபல்தான், இதுவே போதும். 100 வாட்டுக்குப் போனாலும் 3 டெசிபல்தான் ஏறும். இங்கே ஒரு சூட்சுமம்: 4 ஓம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால் அது 1 வாட் அல்ல, 2 வாட். ஒப்பிடும் முன் 3 டெசிபல் கழித்துவிடுங்கள்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு. ஓம் குறைந்தால் ரிசீவரிலிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும். பின்னால் 6 ஓம் என்று ஒட்டியிருக்கும், ஆனால் பாஸ் பகுதியில் 3.5 ஓம் வரை இறங்கும் டவர் ஸ்பீக்கர்கள் உண்டு. ரிசீவரைத் திணற வைப்பது இந்த இறக்கம்தான். அதற்காக மெனுவில் 4 ஓம் என்று மாற்றிவிட வேண்டாம். அந்த அமைப்பு உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. விளைவு, ஆம்ப்ளிஃபயர் இன்னும் சீக்கிரமாகவே கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும்). 8 ஓமிலேயே விட்டு, மேலே ஒரு சாண் இடைவெளி கொடுத்து, கிராஸ்ஓவரை (ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பாஸ் சுமை சப்வூஃபருக்குப் போய்விடும். பெரும்பாலான அறைகளில் பிரச்சினை இதோடு தீரும்.

தீராத இடத்தில்தான் இந்த மாடல் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. எல்லாச் சேனல்களுக்கும் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் கொடுக்கும் முனை) இருக்கிறது. முன்னால் நிற்கும் முரட்டு டவர்களுக்கு மட்டும் தனி பவர் ஆம்ப்ளிஃபயர் போட்டு, அந்தச் சேனல்களின் உள் ஆம்ப்ளிஃபயரை மெனுவில் அணைத்துவிடலாம். ரிசீவர் ஆன் ஆனதைத் தெரிவிக்கும் 12 வோல்ட் ட்ரிக்கர் வயரையும் போட்டால் இரண்டும் சேர்ந்தே ஆன் ஆகும். வெளி ஆம்ப்ளிஃபயரின் கெயின் (பெருக்கும் அளவு) வேறாக இருக்கும், ஆகவே கேலிப்ரேஷனை (மைக் வைத்து அளந்து சரிசெய்வதை) மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். நான்கு சப்வூஃபர்களுக்குத் தனித்தனி அவுட் இருப்பதும் பெரிய வரம். ஒவ்வொன்றின் தூரத்தையும் அளவையும் தனியாக அமைக்கலாம்.

ரிசீவரில் உள்ள அறைத் திருத்த மென்பொருளான ஆடிசி எக்ஸ்டி32 எட்டு இடங்களில் அளக்கிறது. மைக்கை ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். சோபா முதுகின் மேல் வைத்தால் பிரதிபலிப்பையும் சேர்த்து அளந்துவிடும். முடிந்ததும் முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ (முழு பாஸும் அவற்றுக்கே) என்று காட்டினால் பதறாமல் ‘ஸ்மால்’ (பாஸ் சப்வூஃபருக்கு) ஆக்குங்கள். பல வருடம் கேட்டுப் பழகிய ஸ்பீக்கரின் குரல் மாறியது போலத் தோன்றினால், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஆடிசி ஆப்பில் இரண்டு வேலை செய்யுங்கள். 2 கிலோஹெர்ட்ஸ் அருகே பள்ளம் போடும் மிட்ரேஞ்ச் காம்பென்சேஷனை அணையுங்கள். திருத்தம் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நடக்கும்படி வையுங்கள். அறையின் பாஸ் வீக்கம் வடியும், ஸ்பீக்கரின் இயல்பு அப்படியே இருக்கும். டிராக் லைவ் என்ற வேறொரு திருத்த மென்பொருளையும் போடலாம், அதற்கும் லைசென்ஸ் தனி.

முன் ஸ்பீக்கர்கள் 8 ஓம், 90 டெசிபல், அமைப்பு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), அறை சிறியது என்றால் எக்ஸ்1800எச் தாராளம். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு சப்வூஃபர் வாங்கினால் காதுக்கு நேராகவே வித்தியாசம் தெரியும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் ஓட்டம் என்றால் 1.5 சதுர மிமீ போதாது, 2.5 போடுங்கள். பழைய வயரின் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, இழைகளை முறுக்கி, பனானா ப்ளக்கில் இறுக்குங்கள். ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் ப்ரொடெக்ஷனுக்குப் போகும். சிவப்பு விளக்கு அரை விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால் பெரும்பாலும் வயர் ஷார்ட். இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்றால் சூடு. முதல் வகையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கழற்றிப் பாருங்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.