சி.இ.டி.யா, காமெட்-கேயா, தமிழ்நாட்டுக் கலந்தாய்வா? பெங்களூரு தமிழ்ப் பெற்றோருக்கு

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஓயாத பேச்சு இது: இன்ஜினியரிங்குக்கு இங்கேயே சேர்ப்பதா, தமிழ்நாட்டுக்கு அனுப்புவதா? இங்கே வளர்ந்த பிள்ளைக்கு முதல் வழி கர்நாடக அரசின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.தான் என்பது என் உறுதியான கருத்து.

"நாம தமிழங்க, கவர்ன்மென்ட் சீட் எங்க தரப்போறாங்க?" என்று முயற்சியே செய்யாமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சி.இ.டி.யில் தாய்மொழி தடையே இல்லை. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் பி.யு.சி.க்கும் இடையில் 7 ஆண்டு கர்நாடகத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யு.சி.யோ இங்கே தேறியிருந்தால் தகுதி உண்டு. ராங்கில் பாதி பி.யு.சி. மதிப்பெண், பாதி தேர்வு மதிப்பெண். 180 மதிப்பெண் தேர்வு, நெகட்டிவ் மார்க் கிடையாது.

சிக்கல் சாதிச் சான்றிதழில்தான். தமிழ்நாட்டில் வாங்கியது இங்கே செல்லாது. கர்நாடகத் தாசில்தார் கொடுத்த, ஆர்.டி. எண் (வருவாய்த் துறைப் பதிவெண்) உள்ள சான்றிதழே வேண்டும். ஊரில் எம்.பி.சி. என்றால் இங்கே எந்தப் பிரிவு, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே தனிக் கணக்கு. பிள்ளை முதல் பி.யு.சி. படிக்கும்போதே இதை விசாரித்துவிடுங்கள். பள்ளி மாறிய பிள்ளைகள் பழைய பள்ளிகளின் படிப்புச் சான்றிதழையும் அப்போதே வாங்கி வைப்பது நல்லது.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வே இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட் ஆஃப். வேறு வாரிய மதிப்பெண்களைத் தமிழ்நாட்டு வாரியத்தோடு சமன்படுத்துவார்கள். பரீட்சையில் நிதானமாக எழுதி மதிப்பெண் குவிக்கும், ஆனால் நுழைவுத் தேர்வு வேகத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. வெளி மாநிலத்தில் படித்தவர் என்பதால் இருப்பிடச் சான்றிதழ் கட்டாயம். வேலூரில் தாத்தா வீடு இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது, காகிதம் வேண்டும்.

1794இல் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கோவை பி.எஸ்.ஜி.யும் அப்படித்தான். ஆனால் பெயர் தெரியாத ஏதோ ஒரு கல்லூரிக்காக ஹாஸ்டல் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1917இல் விஸ்வேஸ்வரய்யா தொடங்கிய யு.வி.சி.இ. என்ற அரசுப் பொறியியல் கல்லூரி பெங்களூரிலேயே, கே.ஆர். சர்க்கிளில் இருக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம்.

காமெட்-கே, கர்நாடகத் தனியார் பொறியியல் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வு. அதில் சேர்க்கை முழுக்கத் தேர்வு மதிப்பெண்ணை நம்பியது. எந்த மாநிலத்தவரும் எழுதலாம். பல தனியார் கல்லூரிகளில் சி.இ.டி. பிள்ளையும் காமெட்-கே பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பட்டம் வாங்குகிறார்கள், காமெட்-கே பிள்ளைக்குக் கட்டணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். நாலு வருடக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு, கடன் வாங்காமல் முடியும் என்றால் மட்டும் சேருங்கள். தேர்வை மட்டும் எழுதி வைப்பதில் தவறில்லை.

சி.இ.டி.யில் இடம் ஒதுக்கியதும் நான்கு சாய்ஸ் வரும். முதலாவது, கிடைத்ததில் சேருவது. இரண்டாவது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் மேலானதற்குக் காத்திருப்பது. மூன்றாவதில் கையிலிருப்பதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறீர்கள். நான்காவது, கலந்தாய்விலிருந்தே விலகுவது. கிடைத்த கல்லூரி ஓரளவுக்குப் பிடித்திருந்தாலும் மூன்றாவதைத் தொடவே வேண்டாம். பிரவுசிங் சென்டரில் யாரோ அழுத்தட்டும் என்று விடாமல், பிள்ளையோடு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்து அழுத்துங்கள்.