ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்: ஆறு மாத அனுபவம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு. முதல் நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுவாரம்தான் உள்ளே போனேன். முழுப் பெயர், வேலை எதையும் யாரும் கேட்கவில்லை. கட்டணம் கிடையாது; விருப்பமிருந்தால் உண்டியலில் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும்.

1935இல் இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது இது. இன்றும் முறை அதேதான்: ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை, அதனால் என் கதையை மட்டும் சொல்கிறேன். அலமாரியில் துணிக்கடியில் பாட்டிலை ஒளித்து வைத்ததை வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான் வாய்விட்டுச் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நான் முதலில் போன குழு எனக்கு ஒத்துவரவில்லை. வேறு நேரத்தில் கூடும் இன்னொன்று ஒத்துவந்தது. ஒன்றோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஸ்பான்சர் ஒருவரை, அதாவது ஏற்கெனவே குடியை நிறுத்தி நமக்குத் துணைநிற்கும் உறுப்பினர் ஒருவரை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கும் இரவில் நான் கூப்பிட்டபோது போனை எடுத்துப் பேசியவர் அவர்தான்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்குக் கூட்டம் மருந்தாகாது. குடும்பத்தாரை அழைத்துப் போவதென்றால், குடிநோயாளி அல்லாதவர்களும் வரக்கூடிய 'திறந்த கூட்டம்' எந்த நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி அடுத்த வாரம் வருகிறாள்.