நீளப் பாடியா, குட்டைப் பாடியா?

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிறவரும், பாளையங்கோட்டையில் செங்கல், எம்-சாண்ட் லோடு அடிக்கிறவரும் ஒரே மாதிரி பாடி (சரக்கு ஏற்றும் பின்பகுதி) உள்ள பிக்கப் வாங்கக் கூடாது.

குட்டியானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸின் பாடி 2,200 மில்லிமீட்டர், அதாவது 7 அடிக்குக் கொஞ்சம் மேல். பெரிய பிக்கப்களில் 10 அடி வரை கிடைக்கிறது. இந்த 3 அடியின் அருமை குழாய் ஏற்றும்போது தெரியும். 10 அடி பிவிசி குழாய் நீளப் பாடிக்குள் அடங்கிவிடும். குட்டையில் பின்கதவைத் திறந்துவிட்டு வெளியே நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பின்னால் பைக்கில் வருகிறவர் உயிருக்கே அது ஆபத்து. அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். வாழைத்தாருக்கும் நீளம்தான் நல்லது. மேலே மேலே அடுக்காமல் பரப்பி வைத்தால் காய் நசுங்காது. வைக்கோல், பத்தமடைப் பாய் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சரி, நெல்லை டவுன் ரதவீதிக்குள் தினமும் நுழைகிறவருக்கு? குட்டைதான். ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாடி நீளம் என்பதற்காக எடை கூடுதலாக ஏற்ற முடியாது, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள எடைதான் கணக்கு. செங்கல் ஏற்றினால் பாதிப் பாடியிலேயே அந்த எடை வந்துவிடும். மிச்ச இடத்துக்குக் கொடுத்த பணம் வீண். கனத்தைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். மாஞ்சோலை மலை ஏற்றத்தில் தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள்.