கர்ப்பப்பை ஆபரேஷன் பேக்கேஜ்: எஸ்டிமேட் தாளில் இருப்பதும் இல்லாததும்

கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷனுக்கு மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி அதைப் 'பேக்கேஜ்' என்று பல மருத்துவமனைகள் தருகின்றன. அதை ஒரு சேவையாக எடைபோட்டால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். ரத்த அளவு சரியாக இருந்து, கர்ப்பப்பையும் பெரிதாக வீங்காமல், வயிற்றில் முன்பு ஆபரேஷன் எதுவும் நடக்காத பெண்ணுக்கு இது நல்ல ஏற்பாடு. ரத்தசோகை, பெரிய ஃபைப்ராய்டு கட்டி, இரண்டு மூன்று சிசேரியன், சர்க்கரை என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அந்த எண்ணை மட்டும் நம்பிப் பணம் புரட்டக் கூடாது. பேக்கேஜ் விலை என்பது எல்லாம் திட்டப்படி நடந்து முடியும் ஆபரேஷனுக்குப் போட்ட விலை.

பெரும்பாலும் அதற்குள் அடங்குபவை: அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் கட்டணங்கள், தியேட்டர், இத்தனை நாள் என்று எண்ணி வைத்த படுக்கை, செவிலியர் கவனிப்பு, வழக்கமான மருந்துகள். வெளியே நிற்பவைதான் பில்லை ஏற்றுகின்றன: ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகள், ரத்தம், கூடுதல் நாட்கள், ஐசியு, இதய மருத்துவர் போன்ற பிறர் வந்து பார்க்கும் கட்டணம், திசுப் பரிசோதனை, வீட்டுக்கு எழுதித் தரும் மருந்து. எஸ்டிமேட்டில் 'உட்பட' என்ற பட்டியலைவிட 'தவிர' என்ற பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும். அப்படியொரு பட்டியலே இல்லாத எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதித் தரச் சொல்லலாம்.

அடுத்து, எதை எடுக்கப் போகிறார்கள் என்பது. 'கர்ப்பப்பை நீக்கம்' என்று மட்டும் எழுதிய தாள் போதாது. கர்ப்பப்பையோடு அதன் வாயையும் எடுப்பது முழு நீக்கம். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பது பகுதி நீக்கம். புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள திசுவையும் பிறப்புறுப்பின் மேல்பகுதியையும் சேர்த்து எடுப்பது முற்றிலும் வேறு ஆபரேஷன், வேறு விலை. பகுதி நீக்கம் செய்துகொண்டவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு மாதாமாதம் லேசான உதிரப்போக்கும் தொடரும். கருக்குழாய்களை அதே நேரத்தில் எடுப்பதற்குக் கூடுதல் நேரம் அதிகம் பிடிக்காது, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பையும் அது குறைக்கிறது. இதற்குத் தனியாகப் பெரிய தொகை போட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

விலையை முதன்மையாகத் தீர்மானிப்பது வழி. வயிற்றைத் திறந்து செய்வது, பிறப்புறுப்பு வழியாகச் செய்வது, சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, அதே கருவிகளை ரோபோ கைகளால் இயக்கிச் செய்வது என நான்கு. திறந்து செய்வதில் கருவிச் செலவு குறைவு, ஆனால் படுக்கை நாட்கள் அதிகம், பழைய நிலைக்குத் திரும்ப 6 முதல் 8 வாரம். லேப்ராஸ்கோப்பியில் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், வேலைக்கும் சீக்கிரம் போகலாம், ஆனால் தியேட்டருக்குள் ஆகும் செலவு கூடும். ரோபோவில் அந்தச் செலவு இன்னும் ஏறும். அதன் கைக்கருவிகள் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் இயங்காதபடி அமைக்கப்பட்டவை, அதனால் ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் அதன் பங்கு வந்து விழும். புற்றுநோய் இல்லாத சாதாரண காரணங்களுக்கு, வழக்கமான லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோ தெளிவாக மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

விளம்பரத் தாள்களில் அதிகம் கண்ணில் படாதது பிறப்புறுப்பு வழி. வயிற்றில் தையல் இல்லை, கேமரா இல்லை, விலையுயர்ந்த கருவியும் பெரும்பாலும் தேவையில்லை. முடிகிற இடத்தில் இதையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்தது. கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு மட்டும்தான் இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இறங்காத கர்ப்பப்பையையும் இவ்வழியில் எடுக்கலாம், அதில் பழகிய கை வேண்டும், அவ்வளவுதான். 'எனக்கு இவ்வழியில் செய்ய முடியாதா, முடியாதென்றால் ஏன்?' என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கட்டி பெரியது, உள்ளே ஒட்டியிருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கிறது என்பவை நியாயமான பதில்கள். 'இங்கே அது செய்வதில்லை' என்பது உங்கள் உடலைப் பற்றிய பதில் அல்ல.

கர்ப்பப்பையின் அளவும் பில்லில் பேசும். இயல்பான கர்ப்பப்பை 100 கிராமுக்குள் இருக்கும். அமெரிக்காவின் பில்லிங் குறியீடுகளில் 250 கிராம் ஒரு எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் வேறு குறியீடு. ஸ்கேன் அறிக்கையில் '14 வார அளவு' என்று இருந்தால் அத்தனை வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு வீங்கியிருக்கிறது என்று பொருள். தியேட்டரை மணிக்கணக்கில் கணக்கிடும் இடத்தில் இது நேராகப் பணம். அதனால் எஸ்டிமேட் போடுபவரின் கையில் சமீபத்திய ஸ்கேன் இருக்க வேண்டும், ஆறு மாதப் பழைய ஸ்கேனை வைத்துச் சொன்ன தொகை நிற்காது.

பொருட்செலவு என்று ஒரு வரி வரும். கையுறை, தையல் நூல், சிறுநீர்க் குழாய், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் எல்லாம் இதில் அடங்கும். இதில் செலவு கனமானது ரத்தக் குழாயைச் சுட்டு மூடி வெட்டும் எனர்ஜி கருவி. இது பேக்கேஜில் அடக்கமா, தனியா என்று கேட்டாலே பேக்கேஜின் தரம் பாதி தெரிந்துவிடும்.

பணத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் இடம் ஆபரேஷனுக்கு முந்தைய சில வாரங்கள். அதிக உதிரப்போக்குக்காக வருபவர்களில் பலருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கும். 8இல் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டியதாகும். ஒரு யூனிட் ஏற்றினால் ஏறக்குறைய 1 கிராம்தான் கூடும், அதன் கூடவே பொருத்தப் பரிசோதனை, ஏற்றும் செலவு, கூடுதல் நாள் எல்லாம் வரும். இரும்புச்சத்து மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏறும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும் நேரம் குறைவாக இருப்பவருக்கும் நரம்பு வழி இரும்பு ஊசி உண்டு. அந்த இடைவெளியில் உதிரப்போக்கை மருந்தால் நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஏறியது அப்படியே வெளியே போய்விடும். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு, ரத்தத்தைச் சரிசெய்யாமலே தேதி கொடுக்கும் பேக்கேஜ் மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

விட்டுவிடக் கூடாத இன்னொன்று கர்ப்பப்பை உட்சுவர் பயாப்ஸி, அதாவது உட்சுவரில் சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது. 45 வயதைத் தாண்டியவருக்கு ஒழுங்கற்ற உதிரப்போக்கு இருந்தால் இது கட்டாயம் வேண்டியது. சின்னச் செலவு. இதைச் செய்யாமல் சாதாரண ஆபரேஷனை முடித்து, எடுத்த கர்ப்பப்பையில் புற்றுநோய் தெரிய வந்தால், சில நேரம் இரண்டாவது ஆபரேஷன் வரை போகும். கட்டியை உள்ளேயே பொடியாக்கி எடுக்கும் கருவியைப் பற்றி 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்ததும் இந்தப் பயத்தால்தான்: மறைந்திருக்கும் புற்று வயிற்றுக்குள் சிதறலாம். பைக்குள் வைத்துப் பொடியாக்குவது இதற்கான முன்னெச்சரிக்கை. அந்தப் பைக்கும் ஒரு விலை உண்டு.

இனி, தவறினால் என்ன ஆகும் என்பது. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, ஒட்டியிருப்பதாலோ ரத்தம் நிற்காததாலோ வயிற்றைத் திறக்க நேரலாம். அப்போது எந்தக் கட்டணம், லேப்ராஸ்கோப்பியுடையதா, திறந்து செய்வதனுடையதா, இரண்டுமா? இதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு மூத்திரப்பை கர்ப்பப்பையின் முன்பக்கம் ஒட்டியிருக்கலாம், பிரிக்கும்போது கிழியலாம். உடனே கண்டு தைத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடு முடியும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் பட்ட காயம் அப்படியல்ல. சில நேரம் நாட்கள் கழித்து இடுப்பு வலியாகவோ பிறப்புறுப்பு வழியே நீர் கசிவாகவோதான் தெரியும், அப்போது மறுபடி அட்மிஷன், அந்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல், சிறுநீரக அறுவை மருத்துவர். 'ஆபரேஷனால் வந்த சிக்கலுக்கு 30 நாளுக்குள் திரும்பி வந்தால் யார் செலவு?' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் மருத்துவமனைக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும். இவற்றுக்காகப் பேக்கேஜ் தொகைக்கு மேல் கால் பங்காவது தனியாக வைத்திருப்பது நல்லது.

சினைப்பைகளையும் எடுக்க வேண்டும் என்றால் கணக்கு பல ஆண்டுகளுக்கு நீளும். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டையும் எடுத்தால் உடனே மெனோபாஸ்: உடல் கொதிப்பு, எலும்புத் தேய்வு, இதயநோய் வாய்ப்பு. ஹார்மோன் மாத்திரையும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் தொடர் செலவாகும். 'எதற்கும் எடுத்துவிடுவோம்' என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள்.

புற்றுநோய் இல்லாவிட்டால் இந்தப் பேக்கேஜுக்குப் போட்டிகளும் உண்டு. அதிக உதிரப்போக்குக்கு 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் 5 ஆண்டு வேலை செய்யும், ஆபரேஷனின் சிறு பங்கு செலவில். உட்சுவரைச் சுட்டுவிடும் சிகிச்சை ஒருநாளில் முடியும், ஆனால் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். கட்டியை மட்டும் எடுப்பதும், கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பதும் கட்டி திரும்பும் வாய்ப்போடு வருபவை. கர்ப்பப்பை இறக்கத்துக்கு, பிறப்புறுப்புக்குள் வைத்துத் தாங்கும் பெசரி வளையம் இருக்கிறது, மலிவு, ஆனால் அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் உள்ளவர்கள் மூன்றைப் பார்த்தால் போதும்: கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா, இதற்கென்று உச்சவரம்பு உண்டா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா. மூன்றாவதுதான் அதிகம் கடிக்கும். சில பாலிசிகளில் வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் அறைக்கான வித்தியாசம் மட்டுமல்ல, மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும்.

வீட்டுச் செலவை யாரும் எஸ்டிமேட்டில் போட மாட்டார்கள். 6 வாரம் கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம், குழந்தை, மாவுப் பாத்திரம் எல்லாம் இதில் அடங்கும். முதல் இரண்டு வாரமாவது கூட ஒருவர் வேண்டும், அவருடைய சம்பள இழப்பையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வரிவரியான பில்லைக் கேட்டு எஸ்டிமேட்டோடு ஒட்டிப் பாருங்கள், பயன்படுத்தாத பொருள் ஒன்றிரண்டு உட்கார்ந்திருக்கும். எடுத்த கர்ப்பப்பையின் லேப் அறிக்கை வரச் சில நாள் ஆகும். அதற்கும் காசு கட்டியாயிற்று. வாங்க ஒரு தேதி குறித்துக்கொண்டு, ஆபரேஷன் குறிப்பின் நகலோடு சேர்த்துக் கையில் வாங்கிய பிறகே கோப்பை மூடுங்கள்.