கேத்தியில் ஒரு தகரக் கூரை வீடு: குளிர் தடுப்பு வேலை முடிந்து ஆறு குளிர்காலங்கள்

எங்கள் வீடு நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்திப் பள்ளத்தாக்கில், பாலாடா பக்கம், கேரட் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே. தாத்தா காலத்துக் கட்டடம். கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய தடித்த சுவர், மேலே தகரக் கூரை. அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. ஒவ்வொரு ஜனவரியும் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். 2017இல் ஒருமுறை தப்பாகச் செய்து, 2019இல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி செய்தோம். அந்த இரண்டு அனுபவமும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பனிக்காலத்தில் விடியற்காலையில் கட்டில் மேல் தண்ணீர் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு வருடம் ஓட்டையைத் தேடித் தேடித் தார் பூசினேன். கடைசியில் ஆசாரி அண்ணன்தான் சொன்னார்: “தம்பி, பத்து நாளா மழையே இல்ல, எப்படி ஒழுகும்? இது உள்ள இருந்து வர்ற தண்ணி.”

அவர் சொன்னது சரி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். புல்லில் உறைபனி படிவதும் இதே காரணத்தால்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளை மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடிவைப்பார்களே, அது அந்தச் சூடு வானத்துக்குப் போகாமல் தடுக்கத்தான். வீட்டுக்குள் நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது.

2017இல் நான் செய்த தவறு, தெர்மாகோல் அட்டைகளை நேரடியாகத் தகரத்தின் அடியில் பசை வைத்து ஒட்டியது. முதல் குளிர்காலம் நன்றாகவே இருந்தது. அப்புறம் இடுக்குகள் வழியே ஆவி மேலே போய், அட்டைக்குப் பின்னால் தண்ணீர் கட்டியது. பசை விட்டது, பூஞ்சை பிடித்தது, எலி கூடு கட்டியது. அம்மாவின் இழுப்பு முன்பைவிட அதிகமானது. அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அடுப்புக்கு மேலே தெர்மாகோல் வைத்ததும் பெரிய தப்பு. அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள்.

2019இல் வேறு மாதிரி செய்தோம். தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் காலி இடம் விட்டு, காற்று போய்வர இறவாரத்தில் வலை போட்ட திறப்பு வைத்தோம். அதற்குக் கீழே ரீப்பர் (மரச் சட்டம்) அடித்து, 50 மில்லிமீட்டர் கிளாஸ் வூல், அதாவது குளிரைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு. அதன் அடியில், அறைப் பக்கமாக, ஓட்டை இல்லாமல் ஒரு பாலிதீன் விரிப்பு, இணைப்புகளில் டேப். கடைசியாக மரப்பலகை சீலிங். உயிர்நாடி அந்தப் பாலிதீன்தான். அதை அறைப் பக்கம் போடாமல் தகரத்துப் பக்கம் போட்டால் கிளாஸ் வூல் நனைந்து வீணாகிவிடும். கிளாஸ் வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம். அரிப்பு இரண்டு நாள் போகாது. இரண்டு படுக்கை அறைகளும் கூடமும் சேர்த்து 420 சதுர அடிக்கு, மரம், கூலி எல்லாமாக 78,000 ரூபாய் ஆனது.

பலன்? ஜனவரியில் காலை ஆறு மணிக்கு வெளியே 3 டிகிரி இருந்தால், முன்பு படுக்கை அறையில் 8 இருக்கும். இப்போது 13, சில நாள் 14. ஹீட்டர் இல்லாமலே. சொட்டுவது முற்றிலும் நின்றுவிட்டது. ஜூலை மழையில் தகரம் போடும் சத்தமும் பாதியாகக் குறைந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சுவரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்வேன்: மண் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள். எங்கள் மேற்குச் சுவரில் முன்பு யாரோ பூசிய சிமெண்ட், தென்மேற்கு மழையின் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்தது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சுவர் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். காய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, கதவடியில் மணல் பை, தரையில் ஜமுக்காளம். சின்னச் செலவுதான், செய்த அன்றே வித்தியாசம் தெரியும்.

ஆனால் இடுக்குகளை அடைத்த பிறகு அறைக்குள் கரிக் கணப்பு வைக்கவே கூடாது. பழைய ஓட்டை வீட்டில் வெளியே போன கார்பன் மோனாக்சைடு இப்போது உள்ளேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அம்மாவின் கணப்புச் சட்டியை வராந்தாவுக்கு மாற்றினேன். மேலே இருக்கும் வென்டிலேட்டரை எந்தக் குளிரிலும் மூடுவதில்லை.

ஐந்தாம் வருடம் ஒரு மூலையில் சீலிங் கறுத்தது. கூரை ஆணியின் ரப்பர் வாஷர் வெடித்து மழைநீர் இறங்கியிருந்தது. நனைந்த கிளாஸ் வூல் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது என்பதால் அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தோம். அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் ஏணி போட்டு வாஷர்களைப் பார்த்துவிடுகிறேன். சமையலறைக் கூரை மட்டும் தெர்மாகோலைப் பிரித்ததிலிருந்து வெறும் தகரம்தான். வரும் கோடையில் ஆசாரி அண்ணனிடம் தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.